ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகவில்லையா? தடை எங்கே என்று பார்த்துச் சரிசெய்யும் முறை

அப்டேட் தோற்றுவிட்டது என்று செய்தி வந்தவுடன் பலருடைய கை முதலில் போவது அன்இன்ஸ்டால் பட்டனுக்குத்தான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் தேதி தவறாக இருக்கலாம், சி டிரைவ் நிரம்பியிருக்கலாம், எப்போதோ போட்டு எடுத்த விபிஎன் விட்டுச்சென்ற ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடையில் வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் அமைப்பு) வழியை மறித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் புதிதாக நிறுவும் ஆன்டிவைரஸும் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இடைப்பட்ட நேரத்தில் கணினிக்குக் காவலும் இருக்காது.

ஆன்டிவைரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது ஒரே செயல் போலத் தெரிந்தாலும் அதற்குள் பல படிகள் உண்டு. முதலில் தயாரிப்பாளரின் சர்வர் பெயரை டிஎன்எஸ்ஸிடம் கொடுத்து ஐபி முகவரியை வாங்குகிறது. அந்த முகவரியோடு பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்துகிறது. சர்வர் நீட்டும் சான்றிதழ் இன்றைய தேதிக்குச் செல்லுமா என்று பார்க்கிறது. ஃபைலைத் தற்காலிக ஃபோல்டரில் இறக்கி, அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சோதிக்கிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறது. கடைசியாக, பின்னணியில் ஓடும் சர்வீஸ் அந்தப் புதிய ஃபைலை ஏற்றிக்கொள்கிறது. இத்தனையில் எது உடைந்தாலும் திரையில் வருவது ‘அப்டேட் ஃபெயில்டு’ என்ற ஒரே வரிதான். எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும். கண்டுபிடித்த பிறகு சரிசெய்வது பெரும்பாலும் சில நிமிட வேலை.

கீழே விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறோம். மெனு பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளி பார்த்துத் தட்டுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு இந்தக் கட்டளைகளுக்குக் கிடையாது.

முதலில், அந்தச் செய்தி உண்மைதானா?

‘உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பியுங்கள்’ என்று திரையின் வலது கீழ் மூலையில் எட்டிப்பார்க்கும் செய்திகளில் பல, ஆன்டிவைரஸிலிருந்து வருவதே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் ‘அலோ’ என்று அழுத்தியதால், பிரவுசர் வழியாக அந்தத் தளம் அனுப்பும் விளம்பரம் அது. உற்றுப் பார்த்தால் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், சம்பந்தமில்லாத ஒரு தள முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும். அதை அழுத்த வேண்டாம். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்துவிட்டால் செய்தி நின்றுவிடும். தொலைபேசி எண் போட்டு ‘அழையுங்கள்’ என்று சொல்லும் செய்தி எதுவானாலும் மோசடிதான்; எந்த ஆன்டிவைரஸும் அப்படிக் கேட்பதில்லை.

உண்மை நிலையை அறிய ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறங்கள். உள்ளே செட்டிங்ஸ் போய் ‘மேனேஜ் புரொவைடர்ஸ்’ என்பதை அழுத்தினால், இந்தக் கணினியில் இப்போது காவல் பொறுப்பில் இருப்பது எது என்று பட்டியல் வரும். இங்கே பலருக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். கணினி வாங்கும்போதே கூட வந்த சோதனைக்காலப் பதிப்பு ஒன்று, சந்தா முடிந்தும் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்படியானால் பழுது பார்க்க எதுவும் இல்லை. சந்தாவைப் புதுப்பியுங்கள், அல்லது அதை நீக்கிவிடுங்கள். நீக்கியதும் விண்டோஸோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானே பொறுப்பேற்கும். சந்தா நடப்பில் இருந்தும் தோற்கிறது என்றால், ஒரே உரிமத்தை அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் சாதனங்களில் போட்டிருக்கிறீர்களா என்று தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள கணக்குப் பக்கத்தில் பாருங்கள்.

அடுத்தது, தோற்றுப்போனது எந்த அப்டேட்? டிஃபெண்டரில் மூன்று வகை உண்டு. வைரஸ்களின் அடையாளங்களைக் கொண்ட டெஃபினிஷன் ஒரு நாளில் பல முறை வரும். விண்டோஸ் அப்டேட் வரலாற்றில் கேபி2267602 என்ற எண்ணோடு இருக்கும். ஸ்கேன் செய்யும் எஞ்சினும், அதைத் தாங்கும் பிளாட்ஃபார்மும் ஏறக்குறைய மாதம் ஒரு முறை வரும். பிளாட்ஃபார்மின் எண் கேபி4052623. டெஃபினிஷன் ஒரு முறை தோற்று அடுத்த முறை ஏறியிருந்தால் அதை விட்டுவிடலாம். நாள் கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தால்தான் பிரச்சினை.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’, அதற்குள் ‘புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்’ பக்கத்தில் டெஃபினிஷனின் பதிப்பு எண்ணும், உருவான தேதியும், கடைசியாகப் புதுப்பித்த நேரமும் இருக்கும். மூன்றையும் குறித்து வையுங்கள். சரிசெய்த பிறகு ஒப்பிட இதுதான் ஆதாரம்.

பிழை எண் சொல்லும் சேதி

பிழை எண் வந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். எல்லா எண்ணுக்கும் முன்னால் ஒரு சுழியமும் எக்ஸும் வரும். அதை விட்டுவிட்டுத் தருகிறோம்.

80072எஃப்8எஃப்: பாதுகாப்பான இணைப்பு மறுக்கப்பட்டது. முதல் சந்தேகம் தேதி, நேரத்தின் மேல்.
80072இஇ7: சர்வர் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. டிஎன்எஸ் அல்லது ஹோஸ்ட்ஸ் ஃபைல் (டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் கணினி பார்க்கும் சொந்த முகவரிப் பட்டியல்).
80072இஇ2: பதில் வர நேரமாகிவிட்டது. மெதுவான இணைப்பு, ப்ராக்ஸி, ஃபயர்வால்.
80070422: தேவையான சர்வீஸ் முடக்கப்பட்டிருக்கிறது.
80070005: எழுத அனுமதி இல்லை. இன்னொரு பாதுகாப்பு மென்பொருள் குறுக்கே நிற்கலாம்.
80070070: வட்டில் இடம் இல்லை.
80070652: வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது. காத்திருங்கள், அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
80070643: நிறுவும் கட்டத்தில் தோல்வி.

கடைசி எண்ணை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அது ‘நிறுவ முடியவில்லை’ என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற விண்டோஸ் 10 அப்டேட்டும் இதே எண்ணோடுதான் தோற்றது. ஆனால் அங்கே காரணம் வட்டில் விண்டோஸ் மீட்புக்கென ஒதுக்கிய ரிகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் இல்லாததுதான். டிஃபெண்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் சமயத்தில் எண்ணை மட்டும் பார்த்துத் தேடியவர்கள் டிஃபெண்டரைக் கிளறிக்கொண்டிருந்திருப்பார்கள். எந்த அப்டேட் தோற்றது என்பதை அப்டேட் ஹிஸ்டரியில் உள்ள கேபி எண்ணை வைத்து உறுதி செய்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

எண்ணே வரவில்லை என்றால் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர், ஆபரேஷனல் என்று வரிசையாகப் போனால் டிஃபெண்டரின் நாட்குறிப்பு இருக்கும். ஈவென்ட் 2000 என்றால் டெஃபினிஷன் வெற்றிகரமாக ஏறியது, 2001 என்றால் தோற்றது. 2001ஐத் திறந்தால் எந்த மூலத்திலிருந்து எடுக்கப் பார்த்தது, என்ன பிழை என்று இரண்டும் எழுதியிருக்கும்.

எளிதானவற்றை முதலில்

ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவதும் இதுவும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது விண்டோஸின் கருப்பகுதியை வட்டில் சேமித்து வைத்துவிட்டு உறங்கப் போவதுதான். மறுநாள் அதே நிலையில் எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும் பழைய நிறுவல்களும் அப்போதுதான் முடியும்.

தேதியைப் பாருங்கள். நாளும் மாதமும் சரியாக இருந்து ஆண்டு மட்டும் பின்னால் போயிருப்பது கண்ணுக்கே படாது. ஆண்டு தவறினால் சர்வரின் சான்றிதழ் ‘இன்னும் அமலுக்கு வரவில்லை’ என்றோ ‘காலாவதியாகிவிட்டது’ என்றோ தோன்றும், இணைப்பு மறுக்கப்படும். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ், டேட் அண்ட் டைம் பகுதியில் ‘சிங்க் நவ்’ அழுத்துங்கள். அழுத்தியும் மாறவில்லையா? விண்டோஸின் நேரச் சேவைக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டுக் கணினியில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அது தானாகத் திருத்தாது. முதலில் தேதியைக் கையால் சரியான நாளுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு சிங்க் செய்யுங்கள். நேர மண்டலத்தையும் பாருங்கள். மண்டலம் தவறாக இருக்க, மணியை மட்டும் கையால் திருத்தி வைத்திருந்தால், கடிகாரம் சரியாகத் தெரியும்; உள்ளே கணக்கிடும் நேரம் பல மணி விலகியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்துப் போடும்போது தேதி பழையபடி ஓடிவிடுகிறது என்றால் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதைப் பிடித்திருக்கும் கிளிப்பை நகத்தால் விலக்கினால் எழும்பும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். மாற்றிய பிறகு பயாஸில் தேதியை ஒரு முறை வைக்க வேண்டும். லேப்டாப்பில் இந்தப் பேட்டரி வயரோடு வேறு வடிவில் இருக்கலாம். மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் பிரிக்க வேண்டாம்.

சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டெஃபினிஷனின் முழுத் தொகுப்பு 100 எம்பிக்கு மேல். அதை இறக்கி, விரித்து, பழையதையும் சற்று நேரம் கூடவே வைத்திருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட்டும் சேர்ந்தால் 10 ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய்த் தேவையற்றதை நீக்குங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வேண்டிய ஃபைல்களும் சேர்ந்து போய்விடும்.

வழியில் தடை

இது கணினியின் கோளாறா, ரவுட்டருக்கு அப்பால் உள்ள கோளாறா என்று பிரித்துப் பார்க்க ஒரே சோதனை போதும். கணினியை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அப்டேட்டை ஓட்டுங்கள். அதில் ஏறினால் குற்றம் ரவுட்டரிலோ வீட்டு இணைப்பிலோ. அதிலும் தோற்றால் கணினிக்குள். ஹாட்ஸ்பாட்டை விண்டோஸ் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ (டேட்டாவை அளவு பார்த்துச் செலவிடும் இணைப்பு) என்று குறித்து வைத்திருந்தால் அப்டேட்டைத் தானாக இறக்காமல் இருக்கலாம். அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் மீட்டர்டு சுவிட்ச் அணைந்திருப்பதை உறுதி செய்யுங்கள். வீட்டு வைஃபையிலேயே அந்த சுவிட்ச் தவறுதலாகப் போடப்பட்டிருப்பதும் உண்டு. ‘மற்ற எல்லாம் வேலை செய்கிறது, அப்டேட் மட்டும் வரவில்லை’ என்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

குற்றம் ரவுட்டர் பக்கம் என்றால் அதன் மின்சாரத்தை அரை நிமிடம் துண்டித்துப் போடுங்கள். பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றிப் பாருங்கள்: கணினியின் நெட்வொர்க் ப்ராப்பர்ட்டீஸில் டிஎன்எஸ்ஸை மேனுவலாக்கி 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுக்கலாம். மாற்றியதும் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’ ஓட்டினால் பழைய பதில்கள் அழியும். விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் வைத்திருப்பவர்கள் அதன் தடுப்புப் பட்டியலில் ஆன்டிவைரஸ் தயாரிப்பாளரின் முகவரி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஎன்எஸ் எண் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்திலேயே நீங்கள் வைக்காத ஏதோ ஒன்றாக மாறியிருந்தால், யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதன் மென்பொருளைப் புதுப்பித்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

குற்றம் கணினிக்குள் என்றால் முதலில் விபிஎன்னை முழுக்க நிறுத்துங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி பகுதியில் ‘யூஸ் அ ப்ராக்ஸி சர்வர்’ போடப்பட்டிருந்தால் அணையுங்கள். இதோடு நின்றுவிடாதீர்கள். பிரவுசர் பயன்படுத்தும் ப்ராக்ஸி ஒன்று, பின்னணிச் சர்வீஸ்கள் பயன்படுத்தும் ப்ராக்ஸி இன்னொன்று. இரண்டாவது செட்டிங்ஸில் தெரியாது. பிரவுசரில் எல்லாத் தளமும் திறந்தும் அப்டேட் மட்டும் தோற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கமாண்ட் ப்ராம்ப்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து ‘நெட்எஸ்எச் வின்எச்டிடிபி ஷோ ப்ராக்ஸி’ ஓட்டுங்கள். ‘டைரக்ட் ஆக்ஸஸ்’ என்று வந்தால் நல்லது. ஏதாவது முகவரி வந்தால் ‘நெட்எஸ்எச் வின்எச்டிடிபி ரீசெட் ப்ராக்ஸி’ அதை அழித்துவிடும்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல்தான் அடுத்த சந்தேகம். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்ற ஃபோல்டர்களுக்குள் அது இருக்கும். பெயருக்குப் பின்னால் புள்ளியோ நீட்டிப்போ கிடையாது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஃபைல், ஓபன் கொடுத்து, ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தால்தான் கண்ணில் படும். இயல்பான ஹோஸ்ட்ஸில் எல்லா வரியும் ஹேஷ் குறியோடு தொடங்கும். அவை வெறும் விளக்கங்கள். ஹேஷ் இல்லாமல் 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கி, அதன் பின் மைக்ரோசாஃப்ட்டின் பெயரோ ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயரோ வந்தால் அந்த வரியை அழித்துச் சேமியுங்கள். இதைச் செய்தது வைரஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘விண்டோஸ் வேவு பார்ப்பதைத் தடுக்கிறோம்’ என்று வரும் இலவசக் கருவிகள் பல இதே வேலையைச் செய்யும். அப்டேட் சர்வர்களும் அந்த வலையில் சிக்கிவிடும். ஆனால் அழித்த வரி ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு திரும்பி வந்தால் ஏதோ ஒரு நிரல் அதைக் காவல் காக்கிறது. தொற்று பற்றிக் கீழே உள்ள பகுதிக்கு நேராகப் போங்கள்.

டிஃபெண்டரைப் பழுதுபார்த்தல்

முதலில் சர்வீஸ்கள். ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து மூன்றைப் பாருங்கள்: விண்டோஸ் அப்டேட், பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ், கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ். முதல் இரண்டும் ‘மேனுவல்’ என்றிருந்து அந்த நேரத்தில் ஓடாமல் இருந்தால் அது கோளாறு அல்ல. தேவைப்படும்போது தானே எழும். ‘டிசேபிள்டு’ என்றிருந்தால்தான் தவறு. கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ் ‘ஆட்டோமேட்டிக்’காக, ஓடிக்கொண்டு இருக்க வேண்டும். கையொப்பத்தைச் சோதிப்பது அதன் வேலை.

சர்வீஸ்கள் சரி, ஆனாலும் ஏறவில்லை என்றால், சிதைந்துபோன டெஃபினிஷனை அழித்துப் புதிதாக எடுக்கச் சொல்லலாம். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபோல்டருக்கு ‘சிடி’ கட்டளையால் போங்கள். ஃபோல்டர் பெயர்களில் இடைவெளி இருப்பதால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். பிறகு:

1. எம்பிசிஎம்டிரன்.இஎக்ஸ்இ -ரிமூவ்டெஃபினிஷன்ஸ் -டைனமிக்சிக்னேச்சர்ஸ்
2. எம்பிசிஎம்டிரன்.இஎக்ஸ்இ -சிக்னேச்சர்அப்டேட்

கோடுக்கு முன் ஓர் இடைவெளி உண்டு, பின் இல்லை. முதலாவது, இணையத்திலிருந்து அவ்வப்போது வந்து சேர்ந்த தற்காலிக அடையாளங்களை அழிக்கும். இரண்டாவது புதியதை இறக்கும்.

அதுவும் தோற்றால் கையால் நிறுவுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் செக்யூரிட்டி இன்டெலிஜென்ஸ் பக்கத்தில் எம்பேம்-எஃப்இ என்ற ஃபைல் கிடைக்கும். கணினி 32 பிட்டா, 64 பிட்டா, ஏஆர்எம்மா என்பதற்கேற்ப மூன்று தனித்தனி ஃபைல்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்தில் ‘சிஸ்டம் டைப்’ பார்த்துவிட்டு இறக்குங்கள். இரட்டை கிளிக் செய்து அனுமதி கொடுத்தால், அதன் பிறகு திரையில் எதுவுமே வராது. ஜன்னலும் இல்லை, ‘முடிந்தது’ என்ற செய்தியும் இல்லை. ஓடவில்லை என்று நினைத்து நாலைந்து முறை அழுத்த வேண்டாம். ஓரிரு நிமிடம் விட்டு, புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ் பக்கத்தில் பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கையால் நிறுவியது ஏறி, தானியங்கி மட்டும் தோற்றால் டிஃபெண்டர் நலம். நோய் விண்டோஸ் அப்டேட்டில்.

விண்டோஸ் அப்டேட்டைச் சரிசெய்ய, செட்டிங்ஸில் டிரபிள்ஷூட் பகுதியில் உள்ள விண்டோஸ் அப்டேட் டிரபிள்ஷூட்டரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பலிக்காவிட்டால் அதன் கிடங்கைக் காலி செய்யலாம். சர்வீசஸில் விண்டோஸ் அப்டேட்டையும் பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபரையும் ஸ்டாப் செய்துவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் என்ற ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஏதாவது சேர்த்து மாற்றுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் அதே பெயரில் புதியதை உருவாக்கிக்கொள்ளும். பெயர் மாற்ற விடவில்லை என்றால் சர்வீஸ் மறுபடி எழுந்துவிட்டது என்று பொருள். மீண்டும் நிறுத்திவிட்டு உடனே செய்யுங்கள். இதற்குப் பிறகு அப்டேட் ஹிஸ்டரி வெறுமையாகத் தெரியும். நிறுவிய அப்டேட்கள் அழியவில்லை, பட்டியல்தான் போனது. எல்லாம் ஓடத் தொடங்கியதும் பழைய ஃபோல்டரை நீக்கி இடத்தை மீட்டுக்கொள்ளலாம்.

இன்னும் தோற்கிறது என்றால் விண்டோஸின் சொந்த ஃபைல்களே சிதைந்திருக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்டில், இதே வரிசையில்:

1. டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்
2. எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்

வரிசை முக்கியம். இரண்டாவது கட்டளை கெட்டுப்போன ஃபைலுக்குப் பதிலாக வைக்க நல்ல பிரதியை விண்டோஸின் உள்கிடங்கிலிருந்துதான் எடுக்கிறது. அந்தக் கிடங்கைச் சரிசெய்வது முதல் கட்டளை. சதவீதம் ஒரே இடத்தில் பல நிமிடம் நிற்கும், மூடிவிடாதீர்கள். முதல் கட்டளை நல்ல ஃபைல்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் கொண்டுவரும் என்பதால், அப்டேட்டே முழுதாக உடைந்த கணினியில் அதுவும் தோற்கலாம். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி பக்கத்தில் ‘ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்’ என்று ஒன்று உண்டு. ஃபைல்களையும் செயலிகளையும் வைத்துக்கொண்டே விண்டோஸை மறுபடி நிறுவும். நேரம் பிடிக்கும், ஆனால் மேலே சொன்னவை பலிக்காதபோது ரெஜிஸ்ட்ரியைக் கிளறுவதைவிட இது எவ்வளவோ மேல். தொடங்கும் முன் முக்கிய ஃபைல்களுக்கு வெளி வட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ்

இங்கே முதல் விதி, ஒரே கணினியில் இரண்டு வேண்டாம். இரண்டும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் திறந்து பார்க்கும். ஒன்று இறக்கும் வைரஸ் அடையாளங்களை இன்னொன்று வைரஸ் என்றே பிடித்துப் பூட்டும். அனுமதி மறுப்புப் பிழைகள் பல இப்படித்தான் பிறக்கின்றன.

ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், நீக்குவதற்கு முன் அதற்குள்ளேயே உள்ள பழுதுபார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஈசெட்டில் எஃப்5 அழுத்தி வரும் அட்வான்ஸ்டு செட்டப்பில், அப்டேட் பகுதியில் ‘கிளியர் அப்டேட் கேஷ்’ உண்டு. பாதியில் அறுந்த பதிவிறக்கம் அடைத்துக்கொண்டிருந்தால் அதோடு சரியாகிவிடும். அவாஸ்ட், ஏவிஜி இரண்டிலும் செட்டிங்ஸ், ஜெனரல், டிரபிள்ஷூட்டிங் பகுதியில் ‘ரிப்பேர் ஆப்’ இருக்கிறது. மற்றவற்றில் விண்டோஸின் நிறுவிய செயலிகள் பட்டியலில் ‘மாடிஃபை’ அல்லது ‘ரிப்பேர்’ கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முறையாக நீக்குங்கள். வழக்கமான அன்இன்ஸ்டால் சில டிரைவர்களை விட்டுவிட்டுப் போகும். புதிய நிறுவல் அதில் இடறும். அதனால்தான் ஒவ்வொரு நிறுவனமும் தனி நீக்கக் கருவி வைத்திருக்கிறது: மெக்காஃபிக்கு எம்சிபிஆர், அவாஸ்ட்டுக்கு அவாஸ்ட் கிளியர், காஸ்பர்ஸ்கிக்கு கேஏவிரிமூவர், நார்ட்டனுக்கு ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டால். அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: உரிம எண்ணைக் குறித்துக்கொள்வது, புதிய பதிப்பின் முழு இன்ஸ்டாலரை முன்கூட்டியே இறக்கி வைப்பது, இணைய இணைப்பைத் துண்டிப்பது, வழக்கமான அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட், நீக்கக் கருவி, இன்னொரு ரீஸ்டார்ட், புதிய நிறுவல், அதன் பிறகு இணைப்பு.

ஈசெட்டின் நீக்கக் கருவி, விண்டோஸின் மிக அவசியமான பகுதிகள் மட்டும் எழும் சேஃப் மோடில்தான் ஓடும்; நெட்வொர்க் அமைப்புகளையும் அழித்துவிடக்கூடும் என்பதால் கையால் வைத்த ஐபி, டிஎன்எஸ் எண்களைக் குறித்து வையுங்கள். சேஃப் மோடுக்குப் போகும் முன் எல்லோரும் பார்க்க வேண்டியது ஒன்று: வட்டு விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் கணினி 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று வேறொரு சாதனத்தில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொற்று இருக்குமோ?

மற்ற எல்லாத் தளமும் திறக்கிறது, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை; அதே வைஃபையில் மொபைலில் அவை திறக்கின்றன. ஹோஸ்ட்ஸ் ஃபைல் சுத்தமாக இருந்தும் இப்படி நடந்தால் தொற்று என்றே வைத்துக்கொள்ளலாம். 2008இல் பரவிய கான்ஃபிக்கர் புழு செய்தது இதுதான். ஹோஸ்ட்ஸைத் தொடாமலே, பாதுகாப்பு நிறுவனங்களின் பெயர்களைத் தேடும் டிஎன்எஸ் கேள்விகளை நினைவகத்திலேயே மறித்தது. அந்த உத்தியைப் பின்னால் வந்தவையும் கையாண்டன.

இந்த நிலையில் அந்தக் கணினியில் வங்கி, மின்னஞ்சல் வேலை வேண்டாம். வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கி யுஎஸ்பியில் கொண்டுவந்து ஓட்டுங்கள். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகும். பழைய பிரதியைப் பத்திரப்படுத்திப் பயனில்லை. எம்பேம்-எஃப்இயையும் அதே யுஎஸ்பியில் கொண்டுவந்து நிறுவிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்’ தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஸ்கேன் நடக்கும். சுமார் 15 நிமிடம். ஒளிந்துகொள்ளும் வகைத் தொற்றுக்கு இதுதான் சரி, ஏனென்றால் அது இன்னும் விழித்திருக்காது. அதன் பிறகும் அப்டேட் தடுக்கப்பட்டால் நேரத்தை வீணாக்காமல் ஃபைல்களைப் பிரதியெடுத்து, விண்டோஸைச் சுத்தமாக நிறுவுவதே எங்கள் பரிந்துரை.

குற்றம் உங்கள் பக்கமே இல்லாமலும் இருக்கலாம்

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958 என்ற டெஃபினிஷன், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான சிஸ்டம் ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று பிடித்துக் கணினிகளை முடக்கியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், மைக்ரோசாஃப்ட்டின் கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், சில மணி நேரம் சர்வர் பதில் சொல்லாமல் இருப்பது எந்த நிறுவனத்துக்கும் நடக்கும். நேற்று வரை ஒழுங்காக ஏறி, நீங்கள் எதையும் மாற்றாமல் இன்று திடீரென்று நின்றால், எதையும் பிரிப்பதற்கு முன் நிறுவனத்தின் நிலவரப் பக்கத்தைப் பாருங்கள்; அரை நாள் பொறுத்திருக்கலாம். கெட்ட அப்டேட் ஏறிவிட்டதென்றால் ஈசெட் போன்றவற்றில் முந்தைய நிலைக்குத் திரும்பும் ‘ரோல்பேக்’ உண்டு. அதைச் செய்தால் குறிப்பிட்ட காலத்துக்குப் புதிய அப்டேட் நின்றிருக்கும், மறந்துவிடாதீர்கள்.

பழைய விண்டோஸ் இன்னொரு கதை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்களுக்கு எஸ்எச்ஏ-2 என்ற புதுவகை டிஜிட்டல் கையொப்பத்தை மட்டும் பயன்படுத்தத் தொடங்கியது. அதைப் புரிந்துகொள்ளும் கேபி4474419 நிறுவாத விண்டோஸ் 7 புதிய ஃபைல்களை நம்ப மறுக்கும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தாலும், டிஃபெண்டரின் டெஃபினிஷன் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆகவே விண்டோஸ் 10இல் டெஃபினிஷன் தோற்றால் ‘ஆதரவு முடிந்ததால் இருக்கும்’ என்று விட்டுவிட வேண்டாம்; மேலே உள்ள வழிகள் அதற்கும் பொருந்தும்.

மேக்கிலும் லினக்ஸிலும்

மேக்கில் உள்ளே வரும் எக்ஸ்புரொடெக்ட் என்ற காவல் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட்டில், ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் பக்கத்தில் உள்ள ஐ குறியை அழுத்தி, செக்யூரிட்டி ரெஸ்பான்ஸ், சிஸ்டம் ஃபைல்கள் சம்பந்தப்பட்ட சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தனியாகப் போட்ட ஆன்டிவைரஸ் மேக்ஓஎஸ் மேம்படுத்தலுக்குப் பிறகு முரண்டு பிடித்தால், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டியில் ஃபுல் டிஸ்க் ஆக்ஸஸ் அனுமதி போயிருக்கும்; மறுபடி கொடுங்கள்.

லினக்ஸில் கிளாம்ஏவி ஆன்டிவைரஸின் அப்டேட் கருவியான ஃப்ரெஷ்கிளாமைக் கையால் ஓட்டும்போது ‘லாக் ஃபைல் வேறொரு ப்ராசஸால் பூட்டப்பட்டிருக்கிறது’ என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதே ஃப்ரெஷ்கிளாம் ஏற்கெனவே பின்னணியில் ஓடுகிறது. அந்த சர்வீஸை நிறுத்திவிட்டு ஓட்டி, பிறகு மறுபடி தொடங்குங்கள். அடிக்கடி ஓட்டினால் சர்வர் தற்காலிகமாக மறுக்கும், ஆகவே அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப முயல வேண்டாம்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

‘அப்டேட் ஆகிவிட்டது’ என்ற பச்சைக்குறியை மட்டும் நம்பாதீர்கள். முதலில் குறித்து வைத்த பதிப்பு எண்ணையும் தேதியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் முன்னே நகர்ந்திருக்க வேண்டும். ஆன்டிவைரஸைச் சோதிக்கவென்றே உருவாக்கிய, கேடு செய்யாத, 68 எழுத்துள்ள ஐகார் ஃபைலை இறக்கிப் பார்த்து ‘பிடித்துவிட்டது, எல்லாம் சரி’ என்று முடிவு செய்பவர்கள் உண்டு. ஐகார் காட்டுவது காவல் விழித்திருக்கிறது என்பதை மட்டும்தான். பல மாதப் பழைய டெஃபினிஷனும் அதைப் பிடிக்கும்.

சோதனைக்காக நிறுத்திய ஃபயர்வாலையும் விபிஎன்னையும், மாற்றிய டிஎன்எஸ்ஸையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், ஒரு நேரத்தில் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் பின் அப்டேட்டை ஒரு முறை ஓட்டினால் குற்றவாளி எதுவென்று தெரிந்துவிடும். பிறகு ஒரு நாள் முழுக்கக் கையை வைக்காமல் விட்டுவிட்டு, மறுநாள் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். நீங்கள் அழுத்தாத நேரத்தில் ஈவென்ட் 2000 பதிவாகியிருந்தால் அப்டேட் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. கையால் அழுத்தும்போது மட்டும் 2000, மற்ற நேரமெல்லாம் 2001 என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது: மீட்டர்டு சுவிட்சையும் சர்வீஸ்களின் ப்ராக்ஸியையும் மறுபடி பாருங்கள்.